முரசுக்குப் போய்ச்சேராத மருந்து

ராத்தா,

இன்று காலை என் பல்லைச் சுற்றி முரசு வீங்கிக் கிடந்தது. டொக்டர் எழுதித் தந்த கெப்சூலைப் பிரிக்கும்போது ஒன்று உடைந்து உள்ளங்கையில் தூள் கொட்டியது. அந்த மருந்து வெடில் மூக்கில் ஏறியது. விழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு காலமாக உன்னிடம் சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்!

உடன்பிறந்தவளே ஆனாலும் இரண்டு வயதுதான் மூப்பு என்பதால் உன்னை நான் ஒருநாளும் நீங்கள் என்றதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு டிஸ்பென்சரியில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நோன்பு மாதத்தில், முக்காட்டுத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நீ வந்து நின்றாய். கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டியிருந்தது. டொக்டர் கெப்சூல் எழுதி, இரண்டு நாளில் பல்லைப் பிடுங்க வரச் சொன்னார்.

"ஆறு மணித்தியாலத்துக்கு ஒண்டு விழுங்கு. நோன்ப விடு ராத்தா, விட்டதப் பொறகு கழாவாப் புடிக்கலாம்," என்றேன்.

"போடா. போன வருசம் புள்ளப்பேறால நோன்பெல்லாம் போச்சி. இந்த முற முப்பதையும் புடிச்சே தீருவன்." பிறகு கெப்சூலைத் தூக்கிப் பார்த்தாய். "நோவு முரசில. மருந்த வயித்துக்குள்ள அனுப்பி என்ன வேலைடா?"

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். விழுங்கிய மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். அந்த இரத்தம் முரசுக்குள் இருக்கும் மயிரிழை நாளங்களில் ஓடும்போது மருந்தும் கசிந்து தசைக்குள் ஊறும். வெளியே பூசினால் எச்சில் கழுவிவிடும்; கிருமி இருக்கும் ஆழத்துக்குப் போகாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் பிடித்திருக்குமா? உனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். எனக்கு எரிச்சல்.

"சொன்னதச் செய் கா," என்றேன்.

"வெள்ளச் சட்ட போட்டதும் தொர டொக்டராகிட்டாரு," என்று வீங்கிய கன்னத்தோடு சிரித்துவிட்டுப் போனாய்.

வயலில் மண்வெட்டி பட்டுக் கால் கிழிந்தால் கெப்சூலை உடைத்துத் தூளைத் தூவுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். தூளை முரசில் அப்பி, தொண்டைக்குள் ஒரு துளியும் இறங்காமல் துப்பித் துப்பி நோன்பைக் காத்திருக்கிறாய். நோன்பு திறந்த பிறகாவது ஒன்றை விழுங்கியிருக்கலாமே! நோவு உள்ள இடத்திலேயே மருந்து வைப்பதில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

உன் வீட்டுக்காரர் மச்சானோ விடிந்தால் மாவடிப்பள்ளி வயலில். அவருக்கு இது எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் எனக்கு ஆள் அனுப்பினார். கழுத்து வரை வீங்கி, மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாய். பாயோரத்தில் பிரித்த கெப்சூல் கூடுகள். நான் அவற்றைப் பார்த்ததை நீ பார்த்தாய்.

"ஒண்டும் விடாமப் பூசினன்டா தம்பி," என்றாய்.

அல்லாஹ்வே! நல்ல பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாய். மச்சான் வேன் பிடித்து வருவதற்குள் கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உன் மூச்சு அடங்கிவிட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வரும்போது மச்சான் என் தோளைப் பிடித்துக் கேட்டார்: "மருந்த ஒழுங்கா எடுத்தாளா மச்சான்?"

"ஓம்," என்றேன்.

உன்னை யாரும் விவரமில்லாதவள் என்றுவிடக் கூடாதென்று சொன்ன பொய் என்றுதான் பல வருடம் என்னையே ஏமாற்றினேன். இல்லை ராத்தா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அதன் பிறகு யாருக்கு மருந்து கொடுத்தாலும், எப்படிப் பாவிப்பீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். பொறுமை கூடிய மனிசன் என்று ஊரில் எனக்குப் பெயர். கேட்கக் கூசும்.

நீ போனபோது தவழ்ந்துகொண்டிருந்த உன் மகள் போன வாரம் வந்தாள். உன் பேச்சு வந்தது. நான் கண்ணைத் துடைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க மாமா. நீங்க மருந்து குடுத்தீங்கதானே? அதுவும் கேக்கல்ல. அல்லாஹ்ட நாட்டம்."

"ஓம் மகள்," என்றேன்.