பொறியில் விழாத எலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. நான் இங்கே நலம் என்றுதான் எப்போதும் முதல் வரியில் எழுதுவேன். இந்தத் தடவை அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். பயப்படாதே. பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். போனை என் கையில் கொடுத்தால் "ம்", "சரி", "நல்லா இருக்கேன்" தவிர வேறு வராது என்று உனக்கே தெரியும். நீ வேறு ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காதில் பஞ்சு வைத்திருப்பாய், நான் முனகுவது உனக்குக் கேட்காது. சித்தி தான் பேசுவதாகச் சொன்னாள். அவள் பேசினால் பாதியில் அழுதுவிடுவாள், நீ அங்கே தப்பாக நினைத்துக்கொள்வாய். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அக்கா லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தால் நேராக உன்னிடம் வந்துவிடும். நீ அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும், அதுதான் என் கவலை.

நடந்ததைச் சொல்கிறேன். தையல் கடையில் நூலை நான் பல்லால்தான் கடித்து அறுப்பேன். கத்தரியை எடு என்று மாஸ்டர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். போன திங்கட்கிழமை ஒரு கோட்டுக்குப் பட்டன் வைத்துவிட்டு நூலைக் கடித்தேன். பின்பல்லில் ஒரு ஓரம் உடைந்து நாக்கில் விழுந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பல்லு போச்சு, நாளைக்கு என் மெஷினைக் கடிச்சு வைக்கப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வலிக்கக்கூட இல்லை. சித்திதான் விடாமல் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா வயதில் சின்னவர். வாயைத் திற என்றார், திறந்தேன். மூடு என்றார். மறுபடியும் திற என்றார். உடைந்த பல்லை அவர் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, நீயே பார் என்றார். அம்மா, என் வாய் நேராகத் திறக்கவில்லை. தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய், டக்கென்று ஒரு சத்தத்தோடு திரும்பி வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழகியதுதான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து அழுத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் காதுவலி, அம்மா. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னாரே, அதே வலி. பிறகு கன்னத்தை அழுத்தினார், நெற்றிப்பொட்டை அழுத்தினார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பேனே, அந்தத் தலைவலி அவர் விரலுக்கு அடியில் இருந்தது. தலைவலி என்று நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாம் ஒரே இடத்துல இருந்து வர்ற வலிதாம்மா" என்றார். காதுக்கு முன்னால் தாடை வந்து சேர்கிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறதாம். முழங்கால் மாதிரி அதுவும் ஒரு மூட்டுதானாம். அது நொந்துபோனால் காது, தலை, கழுத்து என்று வலி ஊர்சுற்றுமாம். சித்தி கைப்பையிலிருந்து காது டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா எங்கள் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டுப் பேசினார். நீ பயந்துபோய் எடுக்கச் சொன்னாயே, அந்தத் தலை ஸ்கேன் இப்போது தேவையில்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

நான் விக்கித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் கோளாறு என்று கண்ணாடி போட்டுவிட்டார்கள். படிக்கச் சோம்பல் என்று டீச்சர் சொன்னார். கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டேன். தலைக்குள் ஏதோ வளர்கிறது என்று நீ அங்கே தூக்கமில்லாமல் கிடந்தாய். இவ்வளவுக்கும் காரணம் இந்தத் தாடை. இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருவரும் வாயைத் திற என்று சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன என்று டாக்டரம்மா சொன்னார். நூல் கடிப்பதால் மட்டும் இப்படித் தேயாதாம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாளா, நறநறவென்று சத்தம் வருமா என்று சித்தியிடம் கேட்டார். அதெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப அது எலி இல்லியா?" என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்த எலி என்றார்.

உனக்குத் தெரியுமே அந்த எலி. நம் அறையில் பீரோவுக்குப் பின்னால் ராத்திரியெல்லாம் எதையோ கரண்டுகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற தனக்கே கேட்கிறது என்று சித்தி உன்னிடம் போனில் புலம்புவாளே, அதுதான். பீரோவை நகர்த்திப் பார்த்தாள், பொந்து இல்லை. பொறி வைத்தாள், ஒன்றும் விழவில்லை. பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கி வந்து அறைக்குள் விட்டாள். அது என் கால்மாட்டில் சுருண்டு தூங்கியது. தண்டச்சோறு என்று காலையில் அதற்குத் திட்டு விழுந்தது. பாவம் பூனை. அந்த எலி நான்தான், அம்மா.

எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்திக்குத் தெரிந்திருந்தது. எலி வந்த நாளை அவள் மறப்பாளா? "எங்கக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாளே, அந்த வாரம் வந்துச்சு டாக்டர். நடுவுல அவ லீவுக்கு வந்திருந்தா. அவ இருந்த வரைக்கும் சத்தமே இல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த லீவில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "நான் வந்ததும் எலி மூட்டை கட்டிடுச்சு பாத்தியா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீ போனதால்தான் இந்த வீடு நிமிர்ந்தது, எனக்குத் தெரியும். விழித்திருக்கும்போது நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தூக்கத்தில் செய்ததற்கு நான் என்ன செய்வேன், சொல்.

மற்றபடி, பல்லுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு வரும். தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். கெட்டியாக எதையும் மெல்லக்கூடாது, அதிகம் பேசக்கூடாது. இரண்டாவது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மாஸ்டர் ஒரு சின்னக் கத்தரியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார், மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி. தகடு பல்லைத்தான் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது என்றார் டாக்டரம்மா. அப்படியானால் அதற்கு என்ன மருந்து என்று சித்தி கேட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கண்ணாடியை அவர் மேஜையில் வைத்தேன்.

அந்தப் பேப்பர் விஷயம். என் தலைக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமே என்றுதான் இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். என் தலையில் ஒன்றுமில்லை, அம்மா. அதற்காக என்றால் போடாதே. வேறு காரணம் இருந்தால் நீயே யோசித்துச் செய்.

இன்னும் ஒன்று. உனக்குக் காது குத்துகிறது, காலையில் எழுந்தால் கன்னமெல்லாம் கனக்கிறது என்று சொல்வாயே. கடிதத்தின் தொடக்கத்தில் அந்தப் பஞ்சைப் பற்றி எழுதியபோது தோன்றவில்லை, இப்போது நினைத்ததும் திக்கென்கிறது. அது ஏசி காற்றுதானா? இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் அக்காவிடம் கேட்டுப் பார், உங்கள் அறையில் ராத்திரி எலிச் சத்தம் கேட்கிறதா என்று. கேட்கிறது என்று சொன்னால், பொறி எதுவும் வைக்க வேண்டாம் அம்மா. வந்துவிடு.

நலம் என்று எழுத இங்கே ஒரு வரி விட்டிருக்கிறேன்.

உன் மகள்