சாய்ந்த கஞ்சி

முருகன் துணை

பத்தாம் லயம், மேல்கணக்கு,
கருங்கல்லாறு தோட்டம், நோட்டன் பிரிட்ஜ்.
18.6.1982

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா ராக்காயி எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை அழகுமுத்துவும் உன் வயிற்றில் இருக்கிற என் தங்கமும் அங்கே வவுனியாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், அதற்காக நடுவைத் தாண்டிக் கடைசிக்கு ஓடாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

அடுப்புப் புகையில் நின்றால் தலை சுற்றுகிறது, விடிந்ததும் மிளகாய்த் தோட்டத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, அம்மா வைத்திருக்கிற புல்லுப்பெட்டியை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். பதினைந்து வருசம் அதிலேயே தின்று வளர்ந்துவிட்டு இப்போது கேட்கிறாயே, நல்ல பிள்ளை போ. பழைய தேயிலைப் பெட்டி ஒன்று கடைத்தெருவில் கிடைக்குமா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், உள்ளே ஒட்டியிருக்கிற ஈயக்காகிதம் கிழியாமல் இருக்க வேண்டும், அதுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். இங்கே நான் மானாப்புல்லைக் காயவைத்துத் திணிக்கிறேன், உங்கள் பக்கம் வைக்கோல் கிடைக்குமே, அதை நன்றாக இறுக்கித் திணித்து நடுவில் பாத்திரம் உட்காரக் குழி செய். கௌபிப் பயறோ கடலையோ முதல்நாள் இரவே ஊறட்டும். விடியற்காலையில் பருப்போ கஞ்சியோ கௌபியோ எதுவானாலும் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, கால்மணி நேரம் கொதித்த பிறகு மூடி போட்டபடியே தூக்கிக் குழியில் வைத்து, மேலே பழைய கம்பளியை மடித்து அமுக்கி, பெட்டியை மூடிவிட்டு உன் வேலைக்குப் போ. நான் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கொழுந்து பறித்து, மத்தியானம் எடை நிறுத்துவிட்டு வருகிறபோது எல்லாம் பூப்போல வெந்திருக்கும், ஒரு விறகு செலவில்லை, கிண்ட வேண்டியதில்லை. வெந்ததா வெந்ததா என்று நடுவில் திறந்து பார்க்காதே, இறைச்சி வைக்காதே, வெதுவெதுப்பாக ஆறிப்போயிருந்தால் மறுபடி கொதிக்கவைக்காமல் வாயில் வைக்காதே. முக்கியமாகப் பாத்திரம் கழுத்து வரைக்கும் நிறைய இருக்க வேண்டும், அரைப்பாத்திரம் வைத்தால் சூடு நிற்காது.

கழுத்து வரைக்கும் என்று எழுதும்போதே கை நின்றுபோகிறது நாகு. வைகாசியில் ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது கஞ்சி ஒரு பக்கம் வழிந்து புல் நனைந்திருந்தது. புல்லை ஒழுங்காகத் திணிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு பிரித்துத் திணித்தேன். மறுநாளும் வழிந்தது. பாத்திரத்தின் அடி நசுங்கியிருக்கும் என்று பெரிய பாத்திரத்தை மாற்றினேன், அதுவும் வழிந்தது. யாரும் தொடாமல் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கிற கஞ்சி பாத்திரத்தில் ஆடையால் கோடு போட்டிருக்கும், உனக்குத் தெரியுமே, நீ அதைச் சுரண்டித் தின்பாய். அந்தக் கோடு வாசல் பக்கம் மேலேயும் அடுப்பங்கரைப் பக்கம் கீழேயும் இருந்தது. பாத்திரத்தைத் திருப்பி வைத்தேன், அப்போதும் வாசல் பக்கம்தான் மேலே. பெட்டிக்கு அடியில் வாசல் பக்கம் ஒரு பலகைத் துண்டு வைத்தேன், சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடி சாய்ந்தது, இரண்டாவது துண்டு வைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னதற்கு, "ஒனக்குக் கஞ்சி ஊத்தத் தெரியலன்னு சொல்லு, வீட்டக் கொற சொல்லாத" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், என்ன செய்வது, புத்தி அவ்வளவுதான்.

எங்கள் புத்தியை இன்னும் கேள். நீ தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாய் என்று அடுப்பங்கரைச் சுவரில் இருந்த வெடிப்பையெல்லாம் அப்பா களிமண் பிசைந்து அடைத்து வெள்ளையடித்தார். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவளைத் தினம் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டுமே, திறந்த வெளியில் உன்னை உட்காரவைக்க முடியுமா, அதனால் சித்திரையிலேயே நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பத்து அடிக்கு உள்ளே வெட்டிச் சமப்படுத்தித் தகரம் சுற்றிக் குளிக்கிற மறைப்பு ஒன்று கட்டினார். வெட்டின மூன்றாம் நாள் அந்த மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்தது. பீலித் தண்ணீர்க் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டியதில்லை, என் மகளுக்கு ஆத்தாளே வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் திறந்துவிட்டாள் என்று நான் அங்கே சூடம் ஏற்றிக் கும்பிட்டேனடி. கசிவு கயிறு தடிமனானது, பிறகு கலங்கலாக வந்தது. இப்போது இருபத்திரண்டு நாளாக மழை விடவில்லை. அடைத்த வெடிப்பு வெள்ளைச் சுண்ணாம்பைக் கிழித்துக்கொண்டு முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது, என் உள்ளங்கை போகிறது. வீட்டுக் காம்பராவின் கதவு சாத்தினால் சேரவில்லை. கோழிகள் கூட்டுக்குள் அடையமாட்டேன் என்று கோயில் மரத்தில் போய் உட்காருகின்றன.

நான் சும்மா இருக்கவில்லை. வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைக் கூட்டிவந்து காட்டினேன். "பழைய லயம்னா அப்பிடித்தான் ராக்காயி, வெயிலடிச்சா சரியாப் போயிரும், தொரகிட்ட சொல்றேன்" என்று குடையைக்கூட மடக்காமல் போய்விட்டார். தோட்டத்துத் துரை என்ன சொன்னாரோ, இன்று வரைக்கும் யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் பாறைமேல் இருக்கிறது, மண் சரிந்தாலும் அசையாது, அங்கே போவோம் என்று உன் அப்பாவிடம் அழுதேன். "கேக்காம காம்பராவ விட்டுட்டுப் போனா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, அப்புறம் மக வந்தா எங்க வச்சுப் பிரசவம் பாப்ப" என்று அதே பல்லவி. எட்டு நாளாக எங்களுக்குள் இதுதான் சண்டை. உன்னை வா என்று எழுதுவதா வராதே என்று எழுதுவதா என்று முடிவாகாமல்தான் இந்தக் கடிதம் இத்தனை நாள் கிடந்தது, போதுமா, காரணம் சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் கடைசிக் காம்பராவில் இருக்கிற வீரய்யாவையும் அப்பாவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, பெட்டிக்கு அடியில் மூன்றாவது பலகையும் வைத்து, கஞ்சி சமமாக நிற்கிறதா என்று இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லிவிட்டு மூடினேன். முந்தியெல்லாம் ஒரு பலகை பத்து நாள் தாங்கும். மத்தியானம் மூன்று பேருமாகத் திறந்தோம். ஒரு விரல் சாய்ந்திருந்தது நாகு, ஒரே காலையில். வீரய்யா தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். உன் அப்பா அந்தக் கோட்டைத் தன் விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார், சிரிக்கவில்லை. பின்னால் போய்த் தான் வெட்டின மேட்டைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. "நான்தான் வெட்டுனேன், என் கையாலயே வெட்டுனேன்" என்று சொன்னார். அப்புறம் முக்காலியைப் போட்டு ஏறி, விட்டத்தில் உன் தொட்டில் கட்டின இரும்பு வளையம் இருக்கிறதே, அதைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். உன் பிள்ளைக்கும் அதிலேதான் கட்டுவேன் என்று பொங்கலுக்கு எண்ணெய் போட்டு வைத்தது. அதைக் கம்பளியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மற்றக் காம்பராக்காரர்களை வெளியே கிளப்பிவிட மழையில் இறங்கிப் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய வாத்தியார் மண்டபத்தைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சாமான்களைக் கட்டிவிட்டு, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில்கூட நிற்கப் பயந்து, கோயில் வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கிருந்து லயம் முழுதும் தெரிகிறது. உன் அப்பா மூன்றாவது வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறார், பாட்டி ஒருத்தி கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே அவரைத் திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. இன்னும் ஏழு வாசல் இருக்கிறது.

அதனால் மகளே, நீ வராதே. தலைப்பிள்ளையைப் பெறத் தாய் வீட்டுக்கு வராதே என்று மகளுக்கு எழுதின பாவி நான்தான், ஊர் என்ன பேசினாலும் பேசட்டும், உன் மாமியார் முகத்தைச் சுளித்தால் நான் காலில் விழுந்துகொள்கிறேன். மாப்பிள்ளை கூட்டிவருகிறேன் என்று புறப்பட்டாலும் நீ பிடிவாதம் பிடித்து அங்கேயே இரு, பக்கத்து ஆஸ்பத்திரியில் இப்போதே பெயரைக் கொடுத்து வை. உனக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் நான் வளையத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், உன் வீட்டு விட்டத்தில் கட்டுவோம். மழையில் நனையாதே, கனமான குடம் தூக்காதே, பசியோடு படுக்காதே. பெட்டி செய்ததும் முதல் நாள் பாத்திரத்தை நிறைய வைத்துப் பார், கோடு சமமாக இருக்கிறதா என்று எனக்கு எழுது, அதைப் படித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப் போகிற பிள்ளையும் நூறு வருசம் நல்லா இருக்க வேண்டும், ஆத்தாள் உங்கள் மூன்று பேருக்கும் காவல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, பதில் போடும்போது பத்தாம் லயம் என்று விலாசம் எழுத வேண்டாம், பெரிய வாத்தியார், தோட்டப் பள்ளிக்கூடம் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. ராக்காயி