அணிவகுப்பு மைதானத்தைக் குறுக்கே கடந்த குற்றத்தை என் பெயருக்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்
(ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்),
பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
ராணுவப் பயிற்சிக் கல்லூரி.

பொருள்: சென்ற வெள்ளிக்கிழமை மைதானத்தில் நடந்த அத்துமீறல் – தவறான ஆள் மீது பதிவானது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளித் தலைமையாசிரியைக்குத் தாங்கள் அனுப்பிய கண்டனக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருநூறு வருடப் பழமை வாய்ந்த தங்கள் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க எங்கள் மகளின் வகுப்பிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். துணைக்கு ஓர் ஆசிரியையும் மூன்று பெற்றோரும். மூவரில் நான் ஒருவன். "பிள்ளைங்களைப் பாத்துக்கறது இருக்கட்டும், நீங்க தொலையாம வந்து சேருங்க" என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்பிவைத்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

2. மைதானத்து மணலைத் தினமும் விடியற்காலையில் வாரிக் கோடு போட்டு வைப்பார்கள் என்றும், பயிற்சி முடிந்து வெளியேறும் நாளில் மட்டுமே வீரர்கள் அதைக் குறுக்கே கடப்பார்கள் என்றும், மற்றபடி தாங்கள் உட்பட எல்லோரும் சுற்றித்தான் போகவேண்டும் என்றும் பெரிய மீசை வைத்த பயிற்சியாளர் விளக்கினாராம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்களாம். அந்த நேரத்தில் நான் பழைய பீரங்கியின் நிழலில் நின்று, உடன் வந்த ஒரு தாயாரிடம் அவருடைய கண்ணாடி பிரேம் எவ்வளவு மட்டமானது என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. கழிப்பறை மைதானத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. சுற்றிப் போனால் ஏழு நிமிடம், நேரே போனால் ஒன்றரை. என் வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நேரே போனேன். கால் வைக்கக் கூடாது என்று அங்கே ஆளுயரப் பலகை இருப்பதாகப் பிறகு அறிந்தேன். பத்தொன்பது வருடமாக ஊரார் பார்வையைச் சோதித்துப் பிழைப்பவன் நான் என்பதைத் தாங்கள் இந்த இடத்தில் மறந்துவிட வேண்டுகிறேன்.

4. எங்கள் மகள் வகுப்புத் தலைவி. அரைமணிக்கு ஒருமுறை தலை எண்ணுவது அவள் பொறுப்பு. பெரியவர்களையும் சேர்த்து நாற்பத்தைந்து. அந்த முறை நாற்பத்துநான்குதான் வந்தது. தொலைந்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மணலில் என் செருப்புத் தடம் தெரிந்திருக்கிறது. கோடு மேலும் கலைந்துவிடக் கூடாதே என்று, அந்தத் தடத்தின் மேலேயே கால் வைத்து என்னைத் தேடி வந்திருக்கிறாள். பாதி வழியில் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். தடம் ஒன்று, ஆளும் ஒன்று. விசாரணை அத்துடன் முடிந்தது.

5. நான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் ஓரத்தில் நின்றபடி, "யார் சொல்லி இதுல இறங்கினே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "யாரும் சொல்லலை சார், நானாத்தான் வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என் கடையில்கூட ஒரு கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்ததில்லை. எதிர்ச் சுவரில் 'துணிவே முதல்' என்று செதுக்கி வைத்திருக்கிறீர்கள். எழுத்து பெரியது. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

6. தங்கள் கடிதத்தில் 'ஒழுங்கீனமான மாணவி' என்று இருப்பதால், வருகிற திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய தலைவி பட்டையைக் கழற்றுவது என்று பள்ளியில் முடிவாகியிருக்கிறது. அது கிடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. குளிக்கும்போது மட்டும் கழற்றி வைக்கிறாள். உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அடுத்த தடவை உங்களைச் சேத்துக்க மாட்டாங்கப்பா" என்றாள். சென்ற வருடச் சுற்றுலாவில் நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டதையும் அவள்தான் வெளியே தெரியாமல் காப்பாற்றினாள். அது தங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல.

7. ஆகவே, பதிவேட்டில் அவளுக்கு எதிரே உள்ள குறிப்பை அடித்துவிட்டு என்னைக் குற்றவாளியாக எழுதி, அதைத் திங்கட்கிழமைக்கு முன் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். சான்றாக என் வலது கால் செருப்பை இணைத்துள்ளேன், ஒன்பதாம் எண். அவளுடையது மூன்று. மணலைத் தட்டாமல் வைத்திருக்கிறேன். தண்டனையாக மைதானத்தை வாரச் சொன்னால் விடியற்காலையில் வந்து வாரித் தருகிறேன்.

8. இனி எந்தச் சுற்றுலாவுக்கும் நான் துணைக்குப் போகக் கூடாது என்று தடை விதித்தாலும் மறுப்பில்லை. நியாயமும் அதுதான். ஆனால் அந்தச் செய்தியை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தங்கள் கல்லூரியில் அது உள்ளவர்கள் பலர் இருப்பதால், அவர்களில் ஒருவரை அனுப்பிச் சொல்லிவிடும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடை
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் மைதானத்தைக் கடந்தவன்
(கையொப்பம்)

இணைப்பு: செருப்பு, ஒன்று. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும்.