பரங்கிப்பூவின் இதழ்களை உரித்த பொன்னி அண்ணிக்கு

என் உயிருக்கு இனிய அண்ணி,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் மகள் செல்லம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, முத்து முத்தாக இருக்கிறது.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. சுங்காய்த் தோட்டத்தில் மழை இன்னும் விடவில்லை. அண்ணன் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போய் வருகிறார், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. செல்லம் என் வீட்டில்தான் படுக்கிறாள்.

ரப்பர் விலை விழுந்து நமக்கு வேலை நாட்களைக் குறைத்தார்களே, அப்போது லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாம் இருவரும் சேர்ந்து பரங்கி போட்டோம். கொடி ஓடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காய் மட்டும் நிற்கவில்லை. பிஞ்சிலேயே வெளுத்து விழுந்தது.

மழையால் பால்வெட்டு நின்ற ஒரு காலையில் நீங்கள் கொடிப்பக்கமிருந்து வந்தீர்கள். மடி நிறையப் பரங்கி இதழ்கள். நான் போய்ப் பார்த்தேன். இதழ் உரித்த பூக்கள் மண்ணில் கிடந்தன. காய் நிற்காததற்கு நீங்கள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். அரிசி வாங்க வரிசையில் நின்ற பெண்கள் முன்னாலேயே கேட்டேன்.

"பூவையே பிச்சுத் தின்னா காய் எங்கேருந்து வரும்? எம்புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "இதழு போனா காய் போயிடாது, ராக்கு. வந்து பாரு, காட்டுறேன்" என்றீர்கள். நான் வரவில்லை. ஏன் வரவில்லை, அண்ணி?

அதற்குப் பிறகு நீங்கள் கொடிப்பக்கமே போகவில்லை. பத்து நாளில் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே வர எனக்கு முகமில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் கருமாதி கழித்துக் கொடியை அறுத்தெறியப் போனேன். இலைகளுக்கடியில் ஏழு காய்கள். ஒவ்வொரு காம்பிலும் உங்கள் பழைய சேலையின் கிழிசல் கட்டியிருந்தது. கட்டாத காம்பில் ஒரு காயும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். அவரைக் கொடிப்பக்கம் கூட்டிவந்து, நீங்கள் இதழ் உரித்ததைச் சொல்லிக் கேட்டேன். பிஞ்சோடு பூப்பது பெண் பூ, வெறும் காம்பில் பூப்பது ஆண் பூ என்று காட்டினார். ஆண் பூவின் தூள் பெண் பூவில் ஒட்டினால்தான் காய் நிற்குமாம்.

"இதழ் பூச்சியைக் கூப்பிடுறதுக்குத்தான். அடைமழையில எது வரும்? அதாலதான் அந்தப் பிள்ளை ஆண் பூவின்ர இதழை உரிச்சுப்போட்டு, நடுத்தண்டைப் பெண் பூவில தேய்ச்சிருக்கு" என்றார்.

தேனீ செய்ய வேண்டிய வேலையை நீங்கள் நனைந்துகொண்டு செய்து, தேய்த்த பூவுக்கு அடையாளமாகச் சேலைக் கிழிசலும் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு இதை யார் சொன்னார்கள்? நீங்களாகவே பார்த்துக் கண்டுபிடித்ததா? நான் அப்படிப் பேசிய அன்று மத்தியானமும் என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த இதழ்களை வதக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டினீர்களாம். பெரியவன் இப்போதுதான் சொன்னான்.

அன்று அரிசி வரிசையில் நின்ற பெண்களிடம் என் தப்பைச் சொல்லிவிட்டேன். செல்லத்திடம்தான் வாய் வரவில்லை. அதனால்தான் அவளையே எழுதச் சொன்னேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். "அம்மா அன்னைக்கு அழுதாங்க, அத்தை. ஏன்னு கேட்டேன், சொல்லல" என்றாள். அதையும் எழுது என்றேன்.

செல்லத்தைக் கப்பலேற்றி ஊரில் இருக்கும் உங்கள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அண்ணன் யோசிக்கிறார். அவளையே கேட்டேன். பேனாவைப் பார்த்துக்கொண்டே, "இங்கயே இருக்கேன்" என்றாள்.

இருக்கட்டும், அண்ணி. அவள் என் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பால்வாளியைத் தூக்க விடமாட்டேன், அண்ணனே சொன்னாலும் விடமாட்டேன். இது சத்தியம்.

"வெறும் சத்தியம் போதாது, அத்தை. கைநாட்டு வைங்க" என்று சொல்லி என் பெருவிரலில் மை தடவுகிறாள். வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
ராக்கம்மா