எண்ணெய் வைக்காத தலை

மக்கா,

பாறசாலை முடிதிருத்தும் கடையில் இன்று காலை, கேட்காமலேயே என் தலையில் தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டார்கள். இருக்கும் நாலு முடிக்கு இந்த உபசாரம் வேறு. மணம் மூக்கில் ஏறியதும், பரட்டைத் தலையோடு நீ நினைவுக்கு வந்தாய்.

நகரத்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் சிறு துண்டின்மேல் வெள்ளிப் படலம் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளியைச் சூடாக்கினால், அதன் ஆவி துண்டின்மேல் படியும். முதலில் அங்கங்கே சிறு திட்டுகளாக ஒட்டும். திட்டுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்ட பிறகுதான் படலம். நமக்கோ ஒவ்வொரு முறையும் பொத்தல் பொத்தலாக உரிந்து வந்தது. நான் பம்பைத் திட்டினேன், வெள்ளியைத் திட்டினேன். நீதான் உருப்பெருக்கியில் பார்த்து, உரிந்த இடத்தில் என் பெருவிரல் ரேகையைக் கண்டுபிடித்தாய். வழிய வழிய எண்ணெய் வைத்த தலையோடு வந்து, நெற்றியைத் துடைத்த கையால் துண்டைத் தொட்டிருக்கிறேன். நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யார் செய்வார்கள் இதை?

அன்றே இருவரும் எண்ணெயை விட்டோம். நம் பக்கத்தில் எண்ணெய் காணாத தலை என்றால் துக்கம். உன் ஊரான கொல்லயிலில் பக்கத்து வீட்டு அக்கா, "ஆரு மக்கா செத்தது?" என்று கேட்டாராம். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் வேறு. நம் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரும்வரை எண்ணெய் தொடுவதில்லை என்று நாம் சபதம் எடுத்திருப்பதாக ஊரே முடிவு கட்டிவிட்டது. நாம் சிரித்தோம். பேச்சு கல்லூரிவரை போனதும் சிரிப்பு நின்றது.

துறைத்தலைவர் கூப்பிட்டு, போராட்டக்காரர்களுக்கு இங்கே இடமில்லை, எண்ணெயை விட்டதற்கு வேறு காரணம் உண்டென்றால் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு, படலத்துக்காக மட்டும்தான் என்றேன். இருவரும் ஊர்வலங்களில் நடந்தவர்கள் என்பதை விழுங்கிவிட்டேன். நீ தமிழிலேயே சொன்னாய்:

"தொடங்கினது படலத்துக்கு, சார். இப்போ ரெண்டுக்குமாக்கும்."

மதியத்துக்குள் உன் ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என்மேல் உனக்குக் கோபமே இல்லை. பேருந்தில் ஏறும்போது, "எலே, துண்டைத் தொடும்முன்ன கையை நல்லா கழுவணும்" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த வாரம் படலம் உரியாமல் நின்றது. நீ பெருங்கடவிளையில் ரேடியோ பழுதுபார்க்க உட்கார்ந்தாய். எல்லைக்கோடு நம் ஊர்களுக்குத் தெற்கே விழுந்தது; ஊர்கள் மலையாளப் பக்கமே நின்றுவிட்டன. நான் ஆய்வுக் கட்டுரையை எழுதி, உன் பெயரை முதலில் போட்டேன். எடுத்துவிடு என்றார் துறைத்தலைவர். எடுத்தால் கட்டுரையே வேண்டாம், நானும் போகிறேன் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் எத்தனையோ எழுதிவிட்டேன். "உங்கள் சிறந்த ஆய்வு எது?" என்று யாராவது என்னைக் கேட்டால், என் பெயர் இரண்டாவதாக நிற்கும் அந்த ஒன்றைத்தான் இன்றும் எடுத்துக் கொடுக்கிறேன்.