பழைய பெட்டிகளுக்கு நான்

மார்ச் 4, திங்கள்

இன்று சோதனைப் படப்பிடிப்பு. புதுக் கேமரா, சுவரளவு திரை. பத்தொன்பது வருடமாகச் செய்தி வாசிக்கிற என் முகத்தை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மோவாயில் ஒரு முடி. மூக்கோரம் பவுடர் திட்டுத் திட்டாக. மேக்கப் போடுகிறவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்காமல் பெட்டியை மூடினாள். மேஜையின் முன்பலகையில் ஒட்டியிருந்த டேப்பும் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாள் பழைய படத்தின் மங்கல்தான் என் மானத்தையும் மேஜையின் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

மேனேஜர் "பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 11

மேஜையையும் என்னையும் ஒரே கூட்டத்தில் மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 12

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. விஷயம் இதுதான். படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும் புது முறை வருகிறது. துணியை ஒழுங்காக மடித்தால் அதே சூட்கேஸில் இரண்டு மடங்கு கொள்ளுமே, அது மாதிரி என்றார் இன்ஜினியர். அந்த மடிப்பைப் பிரிக்க வீடுகளில் டிவியோடு மாட்டியிருக்கிற பழைய பெட்டிகளுக்குத் தெரியாதாம். அதனால் ஊரெல்லாம் பெட்டி மாற்றும்வரை பழைய முறையிலும் ஒளிபரப்பு ஓடும். புது அகலப் படத்தை வெட்டிப் பழையதில் போட்டால் ஓரத்து எழுத்தெல்லாம் போய்விடுகிறது. ஆகவே புது ஸ்டுடியோவில் புதிதாக வந்த பெண். பழைய ஸ்டுடியோவில், பழைய மேஜையில், பழைய பெட்டிகளுக்கு நான்.

"உங்க குரலுக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா" என்றார் மேனேஜர். குரலுக்கு! அப்போ ரேடியோவுக்கு அனுப்பிட வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன், மண்ணு மாதிரி.

செய்தி முடிந்ததும் அக்கா போன் செய்வது முதல் நாளிலிருந்து வழக்கம். இன்று சொன்னேன். "நான் பெட்டிய மாத்தவே மாட்டேன்டி. நீ வர்ற வரைக்கும் எனக்கு இதுதான்" என்றாள். அழுதுவிட்டேன்.

மார்ச் 30

அவர் புதுப் பெட்டி வாங்கிவந்து மாட்டிவிட்டார். மேட்சில் புல் ஒவ்வொன்றாகத் தெரிகிறதாம். புல்லைப் பார்க்கப் பெண்டாட்டியைக் கழற்றிப் போட்டீர்களா என்றேன். "நீதான் தினம் நேர்லயே இருக்கியே" என்று சிரித்தார். ஆக, என் வீட்டிலேயே நான் வருவதில்லை.

ஏப்ரல் 17

அந்தப் பெண் நன்றாகவே வாசிக்கிறாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மே 9

பழைய ஸ்டுடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறார்கள். போன வாரம் இரண்டு விளக்கு. இன்று, ஒளிபரப்பில் போகிற படத்தைக் காட்டும் டிவியையும் புது ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கேமராவோடு நேராக இணைத்த ஒரு சின்ன மானிட்டரும், கேமராக்காரர் ஒட்டடைக்குச்சியும்தான். உயரத்தால் வந்த பெயர். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

இன்னும் எத்தனை பேர் பழைய பெட்டி வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். "உங்கக்கா ஒண்ணு" என்றார். கேலிதான். ஆனால் அது போதும் என்று தோன்றியது. இப்போதெல்லாம் லென்சைப் பார்க்கும்போது ஊர் உலகம் நினைவுக்கு வருவதில்லை. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் அக்காதான். புடவைகூட அவள் கண்ணுக்குத்தான் எடுக்கிறேன். நாளைக்கு எது என்று தினமும் போனில் கேட்டுக்கொள்வாள்.

ஜூன் 4, செவ்வாய்

வாசிக்கும்போது நடுவில் பொல்லாத இருமல். நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருடத்தில் இப்படி ஆனதே இல்லை. மானம் போயிற்று. அக்கா போனில் "வழக்கம்போல அழகா வாசிச்சே" என்றாள். இருமல் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு மட்டும் எப்படித்தான் இவ்வளவு நாசூக்கு வந்ததோ.

ஜூன் 7, வெள்ளி

சிரிப்பதா அழுவதா.

விளக்கடியில் உட்கார்ந்து தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கேபிளைச் சுருட்டிக்கொண்டு போக வந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க இன்னுமா வாசிச்சிட்டு இருக்கீங்க?"

பழைய ஒளிபரப்பை ஞாயிற்றுக்கிழமையே டிவி டவரில் அணைத்துவிட்டார்கள். எங்களிடம் இன்ஜினியர் சொல்லியிருப்பார் என்று மேனேஜர் நினைத்தார். மேனேஜர் சொல்லியிருப்பார் என்று இன்ஜினியர். எங்கள் மானிட்டர் கேமராவை மட்டும் காட்டும். அதில் நான் ஜம்மென்று வந்துகொண்டிருந்தேன். வாரம் முழுக்கச் சுவருக்குச் செய்தி வாசித்திருக்கிறேன். படம் வரவில்லையே என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, போன் செய்யவில்லை.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கலாமே என்றார். ஒட்டடைக்குச்சி கேமராவைத் துணி போட்டு மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை. போகாத படத்தைப் பார்த்து, அக்கா அழகாக வாசித்தாய் என்றாள். திங்களும் பார்த்தாள், புதனும் பார்த்தாள். நேற்றும்.

எப்போதிலிருந்து? பெட்டி மாற்ற மாட்டேன் என்று சொன்ன அன்றே மாற்றியிருந்தாளா? கேட்டுடலாம். கேட்டு? என்னத்த கிழிக்கப் போறேன்?

ஜூன் 10, திங்கள்

லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். நைட்டியோடு, உலர்ந்த துணியை மடித்துக்கொண்டு. ஹாலில் அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அக்கா செய்தி முடிவதற்குக் கொஞ்சம் முன்பே கூப்பிட்டுவிட்டாள். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. ஹாலிலும் அதே குரல், அதே வானிலை.

"அந்த நீலப் புடவை உனக்கு எடுப்பா இருந்துச்சுடி" என்றாள் அக்கா.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். அக்கா வீட்டில் யாரும் குறைக்கவில்லை.

"உனக்குப் பிடிக்குமேன்னுதான் கட்டினேன்" என்றேன்.

நாளைக்கு எது என்று கேட்டாள். பச்சை என்றேன்.