இடக் கைக்கு ஒரு மடக்குக் கத்தி

12.6.96, புதன்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில். பள்ளியில் புதுச் சேர்க்கை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் வந்து பார்த்தால் இவர் உதட்டில் ரத்தம். வாதம் வந்து வலக் கை விழுந்த பிறகு தொடாமலே வைத்திருந்த மடக்குக் கத்தி. இன்று பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்திருக்கிறார். பார்சல் கயிறு அறுக்க. நான் வரும்வரை இருந்திருக்கலாமே என்றேன்.

"ஒரு கவுறு அறுக்கறதுக்கு உனக்காகக் காத்துட்டு இருக்கோணுமா?"

சோறு பாதியிலேயே எழுந்துவிட்டார்.

13, வியாழன்

கத்தியைக் காணோம். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாராம். மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து கூட இருந்தது.

கல்யாணமான புதிதில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் என் செருப்பு வார் அறுந்தபோது, எங்கிருந்தோ ஒரு ஒயரைப் பிடுங்கி, அந்தக் கத்தியால் சீவி, கட்டிக்கொடுத்தார். ஆழியாற்றங்கரையில் மாங்காய். அப்புறம் மகள் விமலாவின் பென்சில்கள், தினமும் காலையில். அந்தச் சீவல் வாசனையோடுதான் இட்லி ஊற்றுவேன். எவ்வளவு நல்ல காலைகள் அவை.

ஞாயிறு இவர் பிறந்தநாள். வேறு கத்தி வாங்க வேண்டும். இடக் கை ஒன்றாலேயே திறக்கிற மாதிரி.

சோமனூரில் கட்டிக்கொடுத்திருக்கிற விமலாவுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்ம்மா, அப்பாவுக்குப் போய்க் கத்தியா? கிழிச்சுக்கிட்டா யாரு பாக்கறது? ஒரு ரேடியோ எடுத்துக் குடுங்க."

15, சனி

அரை நாள் பள்ளி. டவுன்ஹாலில் இறங்கிக் கடைகடையாக. ஒன்றில் நகம் வைத்து இழுக்கிற குழி, இரண்டு கை வேண்டும். ஒன்று அமுக்கினதும் படாரென்று பாய்கிறது, எனக்கே பயம். இன்னொன்றில் அலகு ஆட்டம்.

கடைசியாக ஒரு பாய் கடை. வலக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

"ஏனுங்கக்கா, ஒத்தக் கையிலயே பாக்கறீங்க?"

சொன்னேன். உதட்டு ரத்தம் வரை எல்லாம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் உள்ளே போய் ஒன்று எடுத்து வந்தார்.

"அலகுல ரெண்டு பக்கமும் குமிழ் இருக்குதுங்க. கட்டை விரல்ல தள்ளுங்க. தொறந்தாப் பூட்டிக்கும், விரல் மேல மடங்காதுங்க."

முதலில் வரவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளியதில், டக். பிடியின் முதுகில் பூட்டு. அதை அமுக்கியபடி அலகின் மழுங்கல் பக்கத்தை மேசையில் தள்ளினால் மூடுகிறது. மரப்பிடி, கனம் கம்மி. விலை இங்கே எழுதப் போவதில்லை.

16, ஞாயிறு

பாயசம். விமலா வந்திருந்தாள். கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று மேசையில் வைத்தேன்.

"எனக்கெதுக்கு அம்மணி இனி இது?"

தொடவில்லை. விமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தது. பாத்திரம் விளக்கும்போது அழுதேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

17, திங்கள்

சாரல். வீட்டுக்குள் நுழையும்போது உள்ளறையில் டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். நான் செருப்பைக் கழற்றிய சத்தத்தில் நின்றுவிட்டது. காப்பி கொடுத்தேன்.

அவராகவே சொன்னார்: "மூடறதுதான் கொஞ்சம் பழகோணும்."

18, செவ்வாய்

பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். வெள்ளைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

"அம்மணி, இந்தப் பாக்கெட்டப் பிரிச்சு அந்தப் பக்கம் தெச்சுக் குடுக்கறயா? கத்தியப் போட்டு எடுக்க எடது கைக்கு எட்ட மாட்டேங்குது."

"எங்கீங்க போறீங்க?"

"முக்கு வரைக்கும். பேப்பர் வாங்கிட்டு வாரேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசற்படி தாண்டாத மனிதர். ஊசியில் நீல நூல்தான் கோத்திருந்தது. மாற்றவில்லை, அப்படியே தைத்தேன். பஸ் போய்விட்டது.